ஒட்டு

சாத்தாங்காடு தாண்டி
மூன்று நாளாய் நகராத கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால்
எங்கள் குடோன்.
பெயர்ப்பலகை கிடையாது.
வேலை சுலபம் என்றார் தணிகாசலம்.
ஒரு நாட்டை உரிக்கணும்,
இன்னொரு நாட்டை ஒட்டணும்.
பெட்டிக்கு அறுபது காசு.

முதல் வாரம் நகத்தால் உரித்தேன்.
இரண்டாம் வாரம் நகமில்லை.
அமுலுதான் காட்டிக்கொடுத்தாள்:
முடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துப் பசையை இளக்கி
ஓரத்தில் பிளேடு நுழைத்து
ஒரே இழுப்பு.
சுருண்டு வரும் சீனா,
ஆறின பாலின் ஆடை மாதிரி.
மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய்.
அந்த மெஷினின் அடியிலும் அதே நாட்டுப் பெயர்தான்.
அதை யாரும் உரிக்கவில்லை.

"அமெரிக்காகாரன் வரி போட்டுட்டான்மே"
என்பார் தணிகாசலம்,
குழாயடியில் யாரோ அவர் குடத்தை எட்டி உதைத்ததுபோல.
"இவன் மட்டும் லேசுப்பட்டவனா?
மண்ணுக்குள்ள என்னமோ காந்தம் கீதாம்,
தர மாட்டேன்னு குந்திக்கினான்."
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.
இடிக்கு இவ்வளவு என்று
மத்தளத்துக்குக் கூலி உண்டென்று
யாரும் சொன்னதில்லை.

தம்பி கிளமெண்ட் காட்டுப்பள்ளியில்.
பழுதுக்கு வந்து நிற்கிறது ஒரு சாம்பல் நிறக் கப்பல்,
கொடியில் எண்ண முடியாத நட்சத்திரம்.
வாசலிலேயே செல்போனை வாங்கிக்கொள்கிறார்களாம்,
செருப்பைத் தட்டிப் பார்க்கிறார்களாம்.
உள்ளே பதினோரு மணி நேரம்
துரு சுரண்டுகிறான்.
எந்தக் கடலுக்குடா போகும், யாரை அடிக்க என்று கேட்டேன்.
"என்னாண்ட சொல்லிக்கினா போவான்?"
சோற்றைப் பிசைந்தான்.
அவன் விரலிடுக்கில் செந்துரு,
என் விரலில் மண்ணெண்ணெய் வாடை.
சங்கரா மீன் குழம்பு
இரண்டு பேர் சண்டையும் சேர்ந்து வாங்கித் தந்தது.

ஏப்ரலில் இந்த விரலுக்கு மை வைத்தார்கள்.
அங்கே அதெல்லாம் கிடையாதாம், ஷமீம் சொன்னாள்.
பி.காம். வரைக்கும் படித்தவள்.
ஒரே கட்சி. எதிர்த்துப் பேசினால்
மறுநாள் அந்த வீட்டில் ஆள் இருக்காதாம்.
நல்லவேளை என்று விரலைப் பார்த்துக்கொண்டேன்.
மண்ணெண்ணெய்க்கும் போகாத மை.
சனிக்கிழமை சம்பளத்தில்
ஓட்டுப் போடப் போன அரை நாளைப் பிடித்திருந்தார்கள்.
நாங்கள் பதினாலு பேர்.
ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

தணிகாசலத்துக்கு எழுத்து வராது.
ஒட்டு என்று எழுதவேண்டிய இடத்தில்
கீழே ஒரு சுழி போட்டுவிடுவார்.
நேற்று என் பெயருக்கு எதிரே நோட்டில்,
ஓட்டு: அறுநூற்றுப் பதினெட்டு.
யாருக்கு விழுந்ததோ.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்ட்.
மேசை ஃபேன் பெட்டிகள்.
ஒன்றில், டேப்புக்கும் அட்டைக்கும் நடுவே
ஒரு நீள முடி.
அமுலு எண்ணெய் வைப்பாள், அவளுடையது இல்லை.
ஷமீமுடையது முக்காட்டுக்குள்.
என்னுடையது இவ்வளவு நேராக இருக்காது.
எங்கேயோ ஒருத்தி
டேப்பை இழுத்து ஒட்டிய அவசரத்தில்
சிக்கியிருக்கும்.
எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக்.
தலையைத் தடவக்கூட நேரம் இருந்திருக்காது.
பெட்டிக்கு எவ்வளவு கொடுப்பார்கள் அவளுக்கு?
நகம் இருக்குமா?

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
டேப்பை அறுத்தால் பெட்டி ரிஜெக்ட்,
ஃபேன் விலை என் கணக்கில்.
மேலேயே இந்தியாவை ஒட்டித் தேய்த்தேன்.
ஓரத்தில் அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.
தணிகாசலம் டார்ச் அடித்தார்,
கொட்டாவி விட்டார்,
போகட்டும் என்று கை காட்டினார்.

விடியும்போது கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள்.
லாரி போய் வரிசையின் கடைசியில் நின்றது.
டிரைவர் இறங்கி ஸ்டவ் பற்றவைத்தார்.

நாற்பது நாளோ ஐம்பது நாளோ கழித்து
வெயில் காய்கிற ஏதோ ஊரில்
ஒரு பெண்பிள்ளை அந்தப் பெட்டியைப் பிரிப்பாள்.
முடியைப் பார்த்து முகம் சுளிப்பாள்.
பெட்டியைத் திருப்பி, எந்த ஊர்ச் சரக்கு என்று படிப்பாள்.
ஒட்டியிருப்பதை நம்பினால்
அது என் முடி.